செவ்வாய் இடக்கை, வெள்ளி வலக்கை

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும், காலையில் குளித்து முடித்ததும் என் கையில் நானே நரம்பூசி போட்டுக்கொள்கிறேன். ஏழு ஆண்டுகளாக இந்த வழக்கம் தொடர்கிறது. செவ்வாய், வெள்ளியில் நகம் வெட்டுவதற்குக்கூட ஒப்பாத என் அம்மா, அதே நாட்களில் மகன் ஊசியை எடுத்துக்கொண்டு உட்காருவதைத் தொடக்கத்தில் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பொறுத்துக்கொண்டார். இப்போது மருந்துக் குப்பியின் காலாவதித் தேதியை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எனக்கு முன்பாகப் படித்துச் சொல்பவர் அவர்தான்.

எனக்கு இருப்பது ஹீமோபிலியா ஏ. இரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களில் எட்டாவது காரணி, அதாவது மருத்துவமனைப் பேச்சில் ‘ஃபேக்டர் எட்டு’, என் உடலில் அநேகமாக உருவாவதே இல்லை. இயல்பான அளவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் அதைக் கடுமையான வகை என்கிறார்கள். என்னுடையது அந்த வகை. சிறு கீறல் பட்டாலே இரத்தம் கொட்டி உயிர் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எங்களைப் பெரும்பாலும் முடக்குவது வெளியே தெரியாமல் முழங்கால், முழங்கை, கணுக்கால் மூட்டுகளுக்குள் கசியும் இரத்தம். ஒரே மூட்டில் அது திரும்பத் திரும்பக் கசிந்தால் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டு நீட்டவும் மடக்கவும் வராமல் இறுகிவிடும். இந்தக் குறைக்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருகிறது; ஏறத்தாழ 5000 ஆண் குழந்தைகளில் ஒருவர் ஹீமோபிலியா ஏ-யுடன் பிறக்கிறார். என் தாய்மாமன் ஒருவர் பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்காமல் பதினாறு வயதில் இறந்தார். அவருக்கு என்ன நோய் என்பது, பல ஆண்டுகள் கழித்து எனக்கு அதைக் கண்டறிந்தபோதுதான் எங்கள் குடும்பத்துக்கு விளங்கியது.

இல்லாத காரணியை வெளியிலிருந்து இரத்தத்தில் சேர்ப்பதுதான் நான் பெறும் மருத்துவம். மாத்திரையாக விழுங்கினால் அந்தப் புரதம் வயிற்றில் செரித்துவிடும். எங்களுக்குத் தசையில் ஊசி போட்டால் போட்ட இடத்திலேயே இரத்தம் கட்டிக்கொள்ளும். ஆகவே சிரை என்னும் இரத்தக் குழாய் வழியாகத்தான் செலுத்தியாக வேண்டும். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் ஜூடித் பூல் என்னும் அறிவியலாளர், இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை உறையவைத்து மெல்ல உருகவிட்டால் அடியில் தங்கும் படிவில் எட்டாவது காரணி செறிந்திருப்பதைக் கண்டறிந்தார். பின்னர் அது உலர்பொடியாகக் குப்பிகளில் வரத் தொடங்கியபோதுதான் நோயாளி மருந்தைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வது எளிதாயிற்று. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து செய்த அந்தப் பொடியே 1980-களில் உலகெங்கும் ஹீமோபிலியா நோயாளிகள் பலருக்கு எச்.ஐ.வி. கிருமியையும் மஞ்சள்காமாலைக் கிருமிகளையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. வெப்பமூட்டிக் கிருமியை அழிக்கும் முறையும், பிளாஸ்மாவே இல்லாமல் மரபணுத் தொழில்நுட்பத்தால் காரணியைத் தயாரிக்கும் முறையும் வந்த பிறகு அந்த அச்சம் பெரிதும் நீங்கியது. ஆயினும் ஒவ்வொரு குப்பியின் தொகுதி எண்ணையும் நான் ஏட்டில் எழுதி வைப்பதற்கு அந்தக் காலமே காரணம். பின்னொரு நாள் ஏதேனும் தெரியவந்தால் எந்தக் குப்பி எவர் உடலுக்குள் போனது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நான் வீட்டில் ஊசி போடக் கற்றுக்கொள்ள முடிவெடுத்தது ஒரு பேருந்துப் பயணத்தில். செஞ்சிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரிலிருந்து காரணி மருந்து கிடைக்கும் அரசு மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்கு வலது முழங்காலில் அந்தப் பழக்கப்பட்ட குறுகுறுப்பு தொடங்கியது. வீக்கமோ வலியோ வருவதற்கு முன்பே, மூட்டுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ நிறைவதுபோல் எங்களில் பலருக்குத் தெரிந்துவிடும். கடைசிப் பேருந்தைப் பிடித்துப் போய், அவசரப் பிரிவில் காத்திருந்து, இருப்பறையின் சாவி வரும்வரை மீண்டும் காத்திருந்து, மருந்து உள்ளே போனபோது அதிகாலை இரண்டரை மணி. காலைக்குள் முழங்கால் இளநீர்க் காய் அளவுக்கு வீங்கியிருந்தது. குறுகுறுப்பு தொடங்கிய நேரத்திலேயே மருந்து போயிருந்தால் இரண்டு நாளில் எழுந்து நடந்திருப்பேன். அன்றைக்கு மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன்.

பயிற்சி உடனே கிடைத்துவிடவில்லை. முதலில் சில மாதங்கள் ஊசி போட்டுக்கொள்வது மருத்துவமனையிலேயேதான் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். காரணி மருந்து சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதும், அந்த ஒவ்வாமை வீட்டில் வந்தால் கைகொடுக்க ஆள் இருக்காது என்பதும் அவர் சொன்ன காரணங்கள். அடுத்து, பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் இருந்த சிஸ்டர் ஒருவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் போடுவதைப் பார்க்கச் செய்தார். பிறகு மருந்தைக் கலப்பதை மட்டும் என்னிடம் விட்டார். அதன்பிறகே ஊசியைக் கையில் கொடுத்தார். “உன் கை நடுங்குவதைப் பற்றிக் கவலைப்படாதே தம்பி, எதற்கு அடுத்து எது என்பது நடுங்காமல் இருக்கட்டும்” என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் தவறில்லாமல் பத்து முறை போட்ட பிறகுதான் குப்பிகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒப்புதல் கிடைத்தது.

இந்த வரிசை எனக்கு இப்போது மூச்சுவிடுவதுபோல் ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு செய்கிறேன். குளிர்பெட்டியிலிருந்து மருந்துப் பொடிக் குப்பியையும் கலக்கும் நீர்க் குப்பியையும் எடுத்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை மேசையில் வைத்துவிடுவேன். அவசரத்துக்கு வெந்நீரில் போடுவது புரதத்தைக் கெடுத்துவிடும். அந்த இடைவேளையில் மேசையைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, மின்விசிறியை நிறுத்துவேன். மின்விசிறியை நிறுத்தும்படி எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. தூசு பறக்கும் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு அது தேவைப்படுகிறது. பெயர், எட்டாவது காரணிதானா, எத்தனை யூனிட், காலாவதித் தேதி ஆகிய நான்கையும் அம்மா ஒருமுறையும் நான் ஒருமுறையும் படிப்போம். ஹீமோபிலியா பி உள்ளவர்களுக்குரிய ஒன்பதாவது காரணியின் பெட்டியும் பார்ப்பதற்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கொடுக்கும் இடத்தில் கை மாறிப்போக வாய்ப்பு உண்டு என்பதால் இந்த இரட்டை வாசிப்பு.

குப்பிகளின் ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் அது தானாக உலர வேண்டும். வாயால் ஊதி உலர்த்தினால், துடைத்து விரட்டிய கிருமியை நாமே திரும்ப அழைத்து உட்கார வைத்ததாக ஆகும். இருமுனை ஊசியின் ஒரு முனையை முதலில் நீர்க் குப்பியிலும் மறுமுனையைப் பிறகு மருந்துக் குப்பியிலும் செருகினால், மருந்துக் குப்பிக்குள் காற்று இல்லாததால் நீர் தானாக உறிஞ்சப்பட்டுவிடும். வரிசை மாறினால் அந்த வெற்றிடம் வீணாகி நீர் இறங்காது. என் முதல் மாதத்தில் ஒரு குப்பியை அப்படித்தான் தடுமாறவிட்டேன். நீர் இறங்கிய பின் குப்பியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். இருமல் மருந்துப் புட்டியைக் குலுக்குவதுபோல் குலுக்கினால் நுரை கட்டி, புரதம் பழுதாகும். கரைந்த மருந்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, துகளோ திரியோ தெரிந்தால் அதை ஒதுக்கிவிட்டு மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். பல ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள, அரசு இலவசமாகக் கொடுக்கும் மருந்தை வீணாக்குகிறோமே என்ற குற்றவுணர்வு அந்த நேரத்தில் வரும். அந்த உணர்வுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

நாம் பேச்சில் ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று சொல்வது சிரையைத்தான். மருத்துவத்தில் நரம்பு வேறு, சிரை வேறு, தமனி வேறு. வீட்டில் ஊசி போடுபவருக்கு இந்த வேறுபாடு வெறும் சொல் விவகாரம் அன்று, ஏனென்றால் முழங்கையின் உட்பக்கத்தில் மூன்றும் அடுத்தடுத்து ஓடுகின்றன. விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கி எழுவது சிரை. அதுதான் நமக்கு வேண்டும். துடிப்பது, இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் தமனி, அதை விட்டு விலகிவிட வேண்டும். ஊசி நுழைந்ததும் விரல் நுனிவரை மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்றால் நரம்பைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். உடனே ஊசியை உருவிவிட வேண்டும். நான் முடிந்தவரை முழங்கைக்குக் கீழேயும் புறங்கையிலும் உள்ள சிரைகளையே தேடுகிறேன். தண்ணீர் போதிய அளவு குடித்திருந்தால், வெதுவெதுப்பான துணியை ஐந்து நிமிடம் சுற்றியிருந்தால், அவை தாமாகவே மேலெழும்பும்.

ரப்பர் பட்டையை ஒற்றைக் கையால் கட்டுவதுதான் எனக்கு நெடுநாள் வராத வித்தை. பல்லால் இழுத்துக் கட்டிப் பழகி, பிறகு அது சுத்தமில்லை என்று சிஸ்டர் கடிந்துகொண்டதால் கொக்கி வைத்த பட்டைக்கு மாறினேன். பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருக்கக் கூடாது. தோலைத் துடைத்து உலரவிட்ட பிறகு, ‘சிரை அங்கேதான் இருக்கிறதா’ என்று மறுபடி தொட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தொட்டால் மீண்டும் துடைக்க வேண்டும். இறக்கை போன்ற பிடியும் மெல்லிய குழாயும் கொண்ட பட்டர்ஃப்ளை ஊசியின் குழாயில் மருந்தை நிரப்பிக் காற்றை வெளியேற்றிவிட்டு, சாய்வு முகம் மேலே பார்க்க, தாழ்ந்த சாய்வில் நுழைத்தால், சரியான இடத்தில் இருக்கிறோம் என்பதற்கு அடையாளமாகக் குழாயில் இரத்தம் எட்டிப்பார்க்கும். இங்கே பட்டையைத் தளர்த்திவிட வேண்டும். ஒருமுறை திருமண வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் பட்டையைத் தளர்த்தாமலே மருந்தைத் தள்ளினேன். அழுத்தம் தாளாமல் சிரை உடைந்து, முன்கை முழுவதும் நாவற்பழ நிறத்துக்கு மாறியது. திருமண வீட்டில் முழுக்கைச் சட்டையோடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்த நான் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். நடுவில் ஊசி முனையைச் சுற்றி மேடு தட்டினாலோ எரிந்தாலோ மருந்து சிரைக்கு வெளியே போகிறது, நிறுத்தியாக வேண்டும். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். இதற்காகவே வீட்டில் தனியாக இருக்கும்போது நான் ஊசியைத் தொடுவதில்லை. அம்மா ஊருக்குப் போனால் எதிர்வீட்டு அண்ணன் காபியோடு வந்து உட்கார்ந்துகொள்வார். அவருக்கு இரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்பதால் சுவரைப் பார்த்தபடி அரசியல் பேசுவார். தொலைபேசி மட்டும் அவர் கையில் இருக்கும்.

ஊசியை எடுத்த பிறகு, முழங்கையை மடக்காமல், பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிப்பேன். எங்களுக்குச் சிரைதான் உயிர்நாடி. ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தழும்பேறிவிட்டால் பிறகு மருந்து இருந்தும் வழி இருக்காது. செவ்வாய்க்கு இடக்கை, வெள்ளிக்கு வலக்கை என்று முறை வைத்தது அதனால்தான். வலக்கைக்காரனான எனக்கு இடக்கையால் ஊசி பிடிக்க எட்டு மாதம் பிடித்தது. பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போட முயல்வதில்தான் குத்திக்கொள்வார்கள் என்பதால், மூடாமலே துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போட்டு, நிறைந்ததும் மருத்துவமனையில் ஒப்படைக்கிறேன். வீட்டுக் குப்பையில் அதைப் போட்டால் அடுத்துக் குத்துப்படுபவர் காலையில் தெருவில் வரும் தூய்மைப் பணியாளராக இருப்பார்.

என்னுடைய அளவைச் சொல்கிறேன், யாரும் பின்பற்றுவதற்காக அன்று. வீட்டு ஊசியின் எல்லை எங்கே என்பது விளங்க வேண்டும் என்பதற்காக. கிலோவுக்கு ஒரு யூனிட் வீதம் எட்டாவது காரணியைச் செலுத்தினால் இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு உயரும். 60 கிலோ எடையுள்ள எனக்கு 1000 யூனிட் ஏறத்தாழ 33 விழுக்காட்டைத் தரும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் அது பாதியாகும். கசிவைத் தடுக்க அது போதும், மூட்டில் தொடங்கும் கசிவை அடக்கவும் பல நேரம் போதும். தலையில் அடிபட்டால் போதவே போதாது. தலை, கழுத்து, வயிறு, இடுப்புத் தசை ஆகிய இடங்களில் அடியோ வலியோ என்றால், கையில் உள்ளதைப் போட்டுக்கொண்டு, வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வழக்கமான அளவு போட்டும் கசிவு அடங்கவில்லையென்றால், உடல் அந்த மருந்துக்கே எதிர்ப்பொருளை உருவாக்கத் தொடங்கியிருக்கலாம்; கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மேல் இது நேர்கிறது. அப்போது வீட்டில் உட்கார்ந்து குப்பிக்கு மேல் குப்பி உடைப்பதால் நாள்தான் வீணாகும். இரத்தப் பரிசோதனை வேண்டும்.

நான் ஊசி போட்டுக்கொள்வது தெரிந்தவர்கள் சிலர், களைப்பாக இருக்கிறது, வீட்டிலேயே ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட முடியுமா என்றும், முகப்பொலிவுக்கான சத்து ஊசி வாங்கி வைத்திருக்கிறேன், போட்டுவிடுவாயா என்றும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு மருந்து, ஒரு நோய், ஓர் உடம்பு. அந்த ஒன்றுக்கே ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்து, ஒரு செவிலியர் மாதக்கணக்கில் கற்றுக்கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏட்டைச் சரிபார்க்கிறார்கள். இன்னொருவர் கையில் ஊசியை நான் வைக்க மாட்டேன் என்று சொன்னதில் ஓர் உறவினரின் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று, நிற்கட்டும்.

மழைக்காலத்தில் மின்சாரம் போவதுதான் எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை. மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடவும் கூடாது. ஆகவே குளிர்பெட்டியின் கதவுத் தட்டிலும் வைப்பதில்லை, உறைபனி அறைக்கு ஒட்டியும் வைப்பதில்லை. நடுத்தட்டில், ஒரு டப்பாவுக்குள், தோசை மாவுப் பாத்திரத்துக்கு எட்டாத தூரத்தில் வைக்கிறோம். வெளியே வைக்க நேர்ந்தால் எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். என் மருந்தின் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறது; வெளியே எடுத்த தேதியைக் குப்பிமீது எழுதிவிடுவதும், அப்படி எடுத்ததைத் திரும்பக் குளிரில் வைக்காமல் முதலில் பயன்படுத்திவிடுவதும் எங்கள் வழக்கம்.

சிஸ்டர் சொல்லிக்கொடுத்தவற்றில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது, இரண்டு முறைக்கு மேல் குத்தக்கூடாது என்பது. இரண்டாம் முறை தவறியதும், மூன்றாவதில் நிச்சயம் கிடைத்துவிடும் என்று மனம் வாதாடும். கை வியர்க்கும், சிரை பயந்து உள்ளே ஒளிந்துகொள்ளும். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அப்படி ஆயிற்று. வலக்கையில் இரண்டு முறை தவறியது, கலந்த மருந்து சிரிஞ்சில் இருந்தது, கலந்தால் மூன்று மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். சிரிஞ்சின் முனையைக் கிருமி நீக்கிய புது மூடியால் மூடி, குப்பியின் ஒட்டுச்சீட்டை அதன்மேல் ஒட்டி, மருத்துவர் கொடுத்திருந்த கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எதிர்வீட்டு அண்ணனின் வண்டியில் போனேன். அந்தக் கடிதம் இல்லாமல், யாரோ கொண்டுவந்த சிரிஞ்சில் உள்ளதை எந்தச் செவிலியரும் போடமாட்டார், போடவும் கூடாது. அங்கிருந்த மருத்துவர் கடிதத்தை முழுவதும் படித்து, என் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொண்ட பிறகு தலையசைத்தார். அந்த நிலையத்துச் சிஸ்டர் என் வலது புறங்கையைத் திருப்பி, கட்டைவிரலுக்கு மேலே ஓடிய ஒரு மெல்லிய சிரையில் ஒரே முறையில் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து ஏட்டில் எழுதினேன்: வெள்ளி, வலக்கை, 1000 யூனிட், இரு முறை தவறியது, புறங்கையில் சிஸ்டர் போட்டார்.